ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை

சென்னையில் வாடகையை எப்போது ஏற்றலாம் என்பதைப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நல்ல நாள் பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. ஆடியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்சமாட்டார்கள். மார்கழியிலும் மாட்டார்கள். புரட்டாசியையும் ஒதுக்குகிற குடும்பங்கள் மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் ஏராளம். ஆனி கடைசி வாரத்தில் ஒரு வீட்டுக்காரர் மாடி ஏறிப் போய், "அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டாயிரம் சேர்த்துக் குடுத்துடுங்க" என்கிறார். கேட்டவருக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் காலி செய்துவிட்டு ஆடியில் எங்கே போவார்? அவருக்கு அந்த நம்பிக்கை இல்லாவிட்டாலும் மற்றவர்களுக்கு இருக்கிறது. அந்த மாதத்தில் காலியாகிற வீடுகளே குறைவு. பள்ளிக்கூடம் ஜூனில் திறந்தாயிற்று. கட்டணம் கட்டி, சீருடை தைத்து, வேன்காரரிடம் பேசி முடித்தாயிற்று. அடையாறில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு தாம்பரத்துக்கு அந்தண்டை வீடு பார்க்க முடியாது. அவர் தலையாட்டுவார். வீட்டுக்காரர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு படி இறங்குவார்.

போக வழியில்லாத நேரம் பார்த்து வாங்கிய அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. வாடகை உயர்வில் தொகையைவிட முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: கேட்கப்படுபவருக்கு "முடியாது" என்று சொல்லிவிட்டு, மூட்டை கட்டி, வேறொரு வீட்டில் குடியேற அவகாசம் இருக்கிறதா? இருந்தால் அது பேச்சுவார்த்தை. இல்லையென்றால் வசூல்.

நான் வீட்டுக்காரி. மந்தைவெளியில் கீழே நாங்கள் இருக்கிறோம், மாடியில் ஒரு குடித்தனம். அதற்கு முன் வாடகை வீடுகளிலும் இருந்திருக்கிறேன். வாடகையை ஏற்றவே கூடாது என்று வாதாடப்போவதில்லை. ஏற்றத்தான் வேண்டும். ஏன் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

2022-ல் சென்னை மாநகராட்சி சொத்து வரியைத் திருத்தியது. நகரின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 50 விழுக்காடு, 1,200 சதுர அடி வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 விழுக்காடு உயர்வு. மேலே சின்டெக்ஸ் தொட்டி வெடித்தால், கீழே மோட்டார் காயில் எரிந்தால், கழிவுநீர்க் குழாய் அடைத்தால், வேலைக்கு வருகிறவரின் கூலி போன வருடக் கூலி இல்லை. வீட்டுக்காரர் என்றாலே கொழுத்தவர் என்ற சினிமாப் படம் நம் மனதில் இருக்கிறது. மயிலாப்பூர்ச் சந்துகளில் எத்தனையோ வீடுகளில் வீட்டுக்காரர் என்பது எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு அம்மா. கணவர் தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-ல் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்த ஆயிரத்தையும் மாடி வாடகையையும் வைத்து மருந்து, பால், மின்கட்டணம் எல்லாம் ஓட வேண்டும். அந்த அம்மாவிடம் போய் "வாடகை ஏற்றாதே" என்று சொல்வது அறம் ஆகாது.

ஆனால் அந்த அம்மாக்களில் பலர் செய்வது வேறு. நல்ல குடித்தனக்காரர் கிடைத்துவிட்டால், "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று ஐந்தாறு வருடம், சில சமயம் பத்து வருடம், வாடகையைத் தொடுவதே இல்லை. கேட்கக் கூச்சம். பிறகு ஒருநாள் பக்கத்துத் தெருவில் அதே அளவு வீடு எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று புரோக்கர் சொல்லுவார். அல்லது அமெரிக்காவிலிருந்து மகன் விடுமுறைக்கு வந்து கணக்குக் கேட்பான். அன்று ஏறும் பாருங்கள், ஒரு ஏற்றம். பத்து வருட அன்பும் அந்த ஒரு மாதத்தில் தீர்ந்துபோகும்.

கணக்காகப் பார்ப்போம். 10,000 ரூபாய் வாடகை, ஆண்டுக்கு 5 விழுக்காடு. பத்து ஆண்டு முடிவில் அது ஏறத்தாழ 16,300-க்கு வந்து நிற்கும். முதல் வருடம் ஏறுவது 500 ரூபாய். கடைசி வருடம்கூட 800-க்குள். குடியிருப்பவரின் சம்பளமும் இதற்கிடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கும். அதையே பத்து வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு ஒரே மாதத்தில் 16,300 என்று கேட்டால் 63 விழுக்காடு. எந்தச் சம்பளமும் ஒரே மாதத்தில் அப்படி ஏறாது. எண் இரண்டிலும் ஒன்றுதான். முதல் வகையில் குடித்தனம் நிலைக்கிறது, இரண்டாவதில் உடைகிறது. இதை வைத்துத்தான் சொல்கிறேன்: வருடா வருடம் சிறிதாக, முன்கூட்டிச் சொல்லி ஏற்றுகிறவர், ஏற்றாமல் இருந்து திடீரென்று பாய்கிறவரைவிடக் குடித்தனக்காரருக்கு நல்லது செய்கிறார். கேட்கக் கூச்சப்படுவதில் கருணை கொஞ்சம்தான் இருக்கிறது. மீதி எல்லாம் தள்ளிப்போடுவது.

என் அம்மா இந்தக் கூச்சம் இல்லாதவர். அவருடைய வாடகை நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீளவாக்கில் திறக்கும் பழுப்பு அட்டைக் கணக்கு நோட்டு. தேதி, தொகை, கையெழுத்து. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதின் அடிக்கட்டைகள் நூலால் கட்டி உள்ளே செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு தை மாதப் பக்கத்திலும் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி. "சித்திரை முதல் ரூ. 25 கூட. சொல்லியாச்சு." அடுத்த வருடம் அதே ஓரத்தில் அதே வரி, தொகை மட்டும் வேறு. நடுவில் ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "பெரிய பையன் காலேஜ் சேர்கிறான். இந்த வருஷம் வேண்டாம்." அதற்குக் கீழே, கொஞ்சம் அழுத்தி எழுதியது: "அடுத்த வருஷம் இதையும் சேர்த்துக் கேட்கக் கூடாது."

அந்தக் கடைசி வரிதான் பெரியது. விட்டுக்கொடுத்ததை விட்டுக்கொடுத்ததாகவே வைத்துக்கொள்வது எளிதில்லை. பெரும்பாலும் நாம் அதைக் கடனாக மனதில் எழுதி வைத்துக்கொள்கிறோம். பிறகு வட்டியோடு நினைவுபடுத்துகிறோம்.

வாடகை உறைந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நகரமே எழுபது எண்பது வருடச் சான்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-ல், சென்னையில் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. போர்க்கால ஏற்பாடாக வந்தது, போர் முடிந்தும் போகவில்லை. 1946-ல் சட்டமாயிற்று, 1949-ல் இன்னொரு சட்டம். 1940 ஏப்ரலுக்கு முந்தைய ஓராண்டில் அந்தப் பகுதியில் என்ன வாடகை இருந்ததோ அதுதான் நியாய வாடகைக்கு அடிப்படை. பிறகு 1960-ல் வந்த கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆட்சி செய்தது. அந்தச் சட்டம் தேவையாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்து திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களை நினைத்த நேரத்தில் தெருவில் நிறுத்தாமல் காத்தது அதுதான். வேண்டுமென்றே பாக்கி வைத்தால், உள்வாடகை விட்டால், வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்பட்டால், இடித்துக் கட்ட வேண்டியிருந்தால் என்று வரையறுத்த காரணங்கள் இருந்தால்தான் காலி செய்யச் சொல்ல முடியும். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பலாம்; அதையும் மறுத்தால் நீதிமன்றத்தில் கட்டலாம். ஒரே கூரையின் கீழ், கூடத்துக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் குடித்தனக்காரர். நடுவில் மாதா மாதம் தபால்காரர் வாடகையைக் கொண்டுவந்து, அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன வீடுகள் இந்த ஊரில் இருந்தன. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்கு நடந்து நடந்தே இரண்டு தலைமுறைகள் வழக்கை வாரிசுக்கு எழுதிவைத்தன. வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்கமாட்டார். குடித்தனக்காரர் ஓடு மாற்றமாட்டார். மழைக்காலத்துக்கு ஒரு சுவர் என்று வீடு கரையும்.

இதில் இன்னொரு முரண்பாடு, அதிகம் பேசப்படாதது. 1973-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, நியாய வாடகைக்கு ஒரு சூத்திரம் வைத்தார்கள். நிலத்தின் சந்தை மதிப்பு, தேய்மானம் போகக் கட்டடத்தின் மதிப்பு, வசதிகள் எல்லாவற்றையும் கூட்டி, குடியிருப்பு என்றால் அதில் ஆண்டுக்கு 9 விழுக்காடு, கடை, அலுவலகம் என்றால் 12 விழுக்காடு. அன்றைக்கு அது நியாயமாகத்தான் இருந்திருக்கும். பிறகு நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. மயிலாப்பூரில் அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி, சதுர அடி 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் மட்டும் 1 கோடியே 80 லட்சம். 9 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 16 லட்சத்து 20 ஆயிரம். மாதம் 1 லட்சத்து 35 ஆயிரம். அந்த இடத்தில் நிற்கும் பழைய ஓட்டு வீட்டுக்கு யார் தருவார்? வாடகையை அடக்கி வைக்க வந்த சட்டமே, நியாய வாடகை மனு போடும் வீட்டுக்காரருக்கு ஏணியானது. ஒரு பக்கம் மூன்று இலக்க வாடகையில் உறைந்த வீடுகள், மறுபக்கம் சந்தையையும் தாண்டிப் போகும் சூத்திரம். இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் உட்கார்ந்து பேசிக்கொள்ள இடமே இல்லை.

அதே சட்டத்தில், மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கிற குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று ஒரு பிரிவு இருந்தது. கடைக்காரருக்கு அந்த வரம்பு இல்லை. ரத்தன் ஆர்யா வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. 1973-க்குப் பிறகு நகரங்களில் வாடகை பல மடங்கு ஏறிவிட்டதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு 400 ரூபாய்க்காரரைப் பணக்காரர் என்று சொல்ல முடியாது என்பது அதன் சாரம். சட்டத்தில் எழுதிய எண் நின்ற இடத்தில் நிற்கும். ஊர் நகர்ந்துகொண்டே இருக்கும். வீட்டு வாடகைக்கும் இதே கதிதான்.

கோயில் மனைகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நிலம் சுவாமியுடையது, மேலே கட்டிய வீடு குடியிருப்பவருடையது என்று எத்தனையோ அடிமனைகள். 1921-ம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், பிறர் நிலத்தில் வீடு கட்டியவரை நிலத்துக்காரர் வெளியேற்ற முயன்றால், அந்த நிலத்தை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு வாங்கிக்கொள்ள வழி வைத்திருந்தது. 1996-ல் சமய நிறுவனங்களின் நிலங்களை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கினார்கள். அந்தத் திருத்தத்தை எதிர்த்து மயிலாப்பூர் கிளப் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005-ல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவு, கோயில் சொத்தின் வாடகையைச் சந்தை நிலவரப்படி ஒரு குழு நிர்ணயிக்க வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்கிறது. கோயிலுக்கு உரியது கோயிலுக்கு வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விளக்குக்கும் நைவேத்தியத்துக்கும் என்று எழுதிவைத்த நிலம் அது. ஆனால் பல காலம் பேருக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு புது வாடகை, நிலுவை என்று காகிதம் வரும்போது, வாசலில் அதை வாங்கிப் படிப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டின் மூன்றாம் தலைமுறை. முதல் தலைமுறையிடம் ஒழுங்காக ஏற்றியிருந்தால், இவர் வேறு கணக்குப் போட்டு வாழ்ந்திருப்பார்.

1960 சட்டம் போய், 2017-ல் நிறைவேறிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் சூத்திரம் இல்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும். வாடகை எப்படி ஏறும் என்பது ஒப்பந்தத்தில் எழுதியபடி. அடிப்படையில் நல்ல மாற்றம். ஆனால் நடப்பில் இன்னமும் முத்திரைத்தாளில் பதினொரு மாத அக்ரிமென்ட்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற பழைய விதிக்குப் பயந்து வந்த பழக்கம் அது. தட்டச்சுக் கடையில் ஆயத்தமாக இருக்கும் அந்தப் படிவத்தில் பெயரும் தொகையும்தான் மாறும். "பரஸ்பர சம்மதத்தின் பேரில் வாடகை உயர்த்தப்படும்" என்ற வரி மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். எவ்வளவு, எப்போது, எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பது இருக்காது. சண்டை பிறக்கிற இடம் அதுதான். நாங்கள் எழுதுகிற ஒப்பந்தத்தில் அந்த மூன்றையும் எண்ணாகவே போட்டுவிடுகிறோம்.

வாடகை என்ற பெயரில் ஏறாமல் வேறு பெயர்களில் ஏறுவதும் உண்டு. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாகத் தருகிறது; போர்ஷன்களில் சப்-மீட்டர் வைத்து அந்த நூறுக்கும் சேர்த்து ஒரே விலையில் வாங்குவார்கள். தண்ணீர் லாரிக்குத் தனி. பெருக்கித் துடைப்பதற்குத் தனி. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகை பிடித்தம், அடித்தாலும் அடிக்காவிட்டாலும். எல்லாவற்றையும் விடப் பெரியது அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பதை நாம் இயற்கை விதி மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டோம். 20,000 ரூபாய் வாடகை என்றால் 2 லட்சம். 6 விழுக்காடு வட்டி போட்டாலும் ஆண்டுக்கு 12,000, மாதம் ஆயிரம். அதாவது வாடகையில் 5 விழுக்காடு ஏற்கெனவே வீட்டுக்காரர் கையில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கிறது. வாடகையை ஏற்றும்போதெல்லாம் "அட்வான்ஸையும் அதுக்கு ஏத்த மாதிரி போட்டுடுங்க" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். புதிய சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. "வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால்" என்ற அந்த வாசல் வழியாகத்தான் பத்து மாதம் இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. பெரிய அட்வான்ஸ் வாங்கியவர் வாடகையை ஏற்றும்போது அந்த ஆயிரத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, என்னை மிகவும் உறுத்துகிற விஷயம். மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு டு-லெட் பலகைகளில் "வெஜிடேரியன் மட்டும்" என்று எழுதியிருப்பதை இந்த ஊரில் பார்க்காதவர் யார்? பலகையில் எழுதாதவர்கள் தொலைபேசியில் பெயரைக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்" என்பார்கள். முஸ்லிம், தலித், தனியாக இருக்கும் பெண், விவாகரத்தானவர், மீன் சமைக்கிறவர், வடகிழக்கிலிருந்து வந்து அழகு நிலையத்தில் வேலை செய்கிறவர்; இவர்களுக்கெல்லாம் ஒரு வீடு கிடைப்பதற்குள் இருபது கதவு சாத்தப்பட்டிருக்கும். அப்படிக் கிடைத்த வீட்டில் வாடகை ஏறினால் அவர்களால் மறுக்க முடியாது. இன்னொரு இருபது கதவுக்குத் தெம்பு இல்லை. அது தெரிந்தே மற்றவரிடம் கேட்பதைவிட அவர்களிடம் கூடுதலாகக் கேட்பது நடக்கிறது. "உங்களுக்கு யார் குடுப்பா, நான் குடுத்தேன்" என்பதைச் சொல்லியும் சொல்லாமலும் வாடகையில் சேர்த்து வாங்குகிறார்கள். ஆடி மாதம் ஒருவருக்கு ஒரு மாதம்தான். இவர்களுக்கு வருடம் முழுக்க ஆடி. இப்படி ஒருவருக்கு வீடு கொடுத்திருப்பவர் தன்னை நல்லவர் என்று நினைத்துக்கொள்வதற்கு முன், வேறொருவராக இருந்தால் இந்தத் தொகையைக் கேட்டிருப்போமா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறந்த பிறகு அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பகுதிகளில் நடந்ததும் இதற்கு உறவு. ஐ.டி. சம்பளம் வாங்கும் நான்கு இளைஞர்கள் சேர்ந்து ஒரு வீட்டுக்குக் கொடுப்பதை ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பம் கொடுக்க முடியாது. அங்கே வீட்டுக்காரர்கள் பேராசைக்காரர்களாக மாறிவிடவில்லை. கேட்காமலேயே கூடுதலாகத் தர ஒருவர் வாசலில் நின்றார். தியாகராய நகரில் அந்த இடத்தில் கடைகள் நின்றன. உஸ்மான் சாலைக்கு இரண்டு பக்கமும் உள்ளே போகும் தெருக்களில், குடியிருந்த வீடுகள் கிடங்குகளாகவும் விடுதிகளாகவும் ஆயின. வெளியே இருந்து ஒருவர் தருகிற விலை, உள்ளே இருப்பவருக்கான வாடகை ஆகாது. ஏழு வருடம் தண்ணீரை அளந்து பயன்படுத்தி, ஐந்தாம் தேதி தவறாமல் பணம் போட்டு, நாம் ஊரில் இல்லாதபோது கீழ்க் கதவைப் பூட்டிச் சாவியை வைத்திருந்தவர் உள்ளே இருக்கிறார். புதிதாக வருகிறவர் இவை எதையும் இன்னும் செய்யவில்லை. அவர் தரும் கூடுதல் மூவாயிரத்தில் புரோக்கர் கமிஷன், ஒரு மாதம் காலியாகக் கிடப்பது, பெயின்ட், பூட்டு எல்லாம் போனால் மீதி என்ன என்று கணக்குப் போட்டால் போதும். அறம் வரை போக வேண்டியதே இல்லை.

சில நேரங்களில் ஏற்றவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. கோட்டூர்புரத்தில் மெத்தை, பீரோ, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் தெருவில் காய்ந்தன. கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச் 29 அன்று, வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய உள்துறை உத்தரவு போட்டது. உத்தரவு ஒரு மாதத்துக்குத்தான். வேலை போனது பல மாதங்களுக்கு. அந்த வருடத்தின் உயர்வை ஓசையில்லாமல் கைவிட்டவர்கள் நம் தெருக்களில் உண்டு. பாதி வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. ஒப்பந்தத்தில் 5 விழுக்காடு என்று எழுதியிருந்தாலும், எழுதியதை வாங்காமல் இருக்க வீட்டுக்காரருக்கு எந்தச் சட்டமும் தடை போடவில்லை.

எப்படிச் சொல்வது என்பதில் எனக்கு ஒரே முறைதான். வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போவேன். கணவன், மனைவி இருவரும் இருக்கும் நேரம். பிள்ளைகள் முன்னால் பேசமாட்டேன்.

"சித்திரையிலேர்ந்து எண்ணூறு ரூபா கூட வேணும்மா. சொத்து வரி இவ்வளவு ஆயிருக்கு, மோட்டார் மாத்தினது உனக்கே தெரியும். இதுதான் கணக்கு" என்று வரி ரசீதை நீட்டினேன், இந்த வருடம்.

அவள் ரசீதை வாங்கிப் பார்த்தாள். உடனே பதில் சொல்லவில்லை. "அக்கா, பாத்ரூம் பைப் ஒண்ணு ஆறு மாசமா ஒழுகுது. அதையும் இப்பவே பாத்துக் குடுத்துடுங்க. நாங்க ரெண்டு பேரும் பேசிட்டு அடுத்த வாரம் சொல்றோம்."

"தாராளமா. ஒத்து வரலைன்னாலும் சொல்லு. சித்திரை வரைக்கும் பழைய வாடகைதான்."

மறுநாளே குழாய்க்காரரை வரச்சொன்னோம். அடுத்த வாரம் அறுநூறுக்கு வந்து நின்றது. இந்தப் பேச்சில் எனக்குப் பிடித்தது அந்தக் குழாய். வாடகை ஏற்றம் என்பது குடித்தனக்காரர் தன் கோரிக்கையையும் மேஜையில் வைக்கிற நாளாக இருக்க வேண்டும். ஏற்றிக் கேட்கிறவர், வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். கூரை ஒழுகும் வீட்டில் நின்றுகொண்டு விலைவாசி பேசக் கூடாது.

இவ்வளவு பேசினாலும் ஒரு பெரிய குறை மிச்சம் இருக்கிறது. எண்ணூறு அதிகமா, அறுநூறு குறைவா என்று எங்கள் இருவருக்குமே சரியாகத் தெரியாது. "இந்தத் தெருவில் இப்ப ரேட் இவ்வளவு" என்று சொல்பவர் புரோக்கர். வாடகை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு அவருடைய கமிஷன். நிலத்துக்கு அரசின் வழிகாட்டி மதிப்பு தெருவாரியாக வெளியிடப்படுகிறது. சொத்து வரிக்கும் தெருவாரியாகக் கட்டணம் இருக்கிறது. மக்கள் உண்மையில் கொடுக்கிற வாடகைக்கு மட்டும் யாரும் பார்க்கக்கூடிய அட்டவணை இல்லை. ஜெர்மனியில் பல நகரங்கள் பகுதி, அளவு, கட்டிய காலம், வசதி வாரியாக வாடகை அட்டவணை வெளியிடுகின்றன. குடியிருப்பவரிடம் வாடகையை ஏற்றக் கேட்கும் வீட்டுக்காரர் அதைப் போன்ற ஆதாரம் காட்ட வேண்டும்; கடிதம் வந்த மாதத்துக்கு அடுத்த இரண்டு மாதம் முடியும்வரை குடியிருப்பவர் யோசிக்கலாம்; மூன்று ஆண்டில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற முடியாது, வீட்டுத் தட்டுப்பாடு உள்ள ஊர்களில் 15. அவர்களுக்கும் வாடகைப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ஆனால் பேச உட்காரும் இருவர் முன்னாலும் ஒரே காகிதம் இருக்கிறது.

நம்மிடம் அதற்கான சரக்கு இருக்கிறது. 2017 சட்டப்படி பதிவாகும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் உள்ள வாடகை, பரப்பளவு, தெரு, தேதி எல்லாம் அரசின் இணையதளத்தில் ஏறுகின்றன. பெயர்களை நீக்கிவிட்டு, வட்டவாரியாக, தெருவாரியாகச் சராசரி வாடகையை ஆண்டுக்கு ஒருமுறை தை மாதத்தில் தமிழ்நாடு அரசு வெளியிட வேண்டும். அந்தச் சராசரிக்கு உண்மை இருக்க வேண்டுமானால், வீட்டுக்காரர்களாகிய நாம் வருமான வரிக்குப் பயந்து வாடகையைக் குறைத்து எழுதுவதையும், பதினொரு மாதப் படிவத்தோடு நிறுத்திக்கொள்வதையும் விட வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.